கறுப்புத் தழும்பு குறையா?

கேள்வி: ஜப்பானியர்கள் 'வாபி-சாபி' என்று குறையை ரசிக்கிறார்கள். தொழிற்சாலையிலோ 'முடா' என்று துளி விரயத்தையும் பொறுப்பதில்லை. இது முரண் இல்லையா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: முரண் இல்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும்போது ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, ஐயனார் கோயில் சுடுமண் குதிரையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கழுத்தில் குயவரின் விரல் பதிந்திருக்கும். சூளைப் புகை பட்ட இடம் கறுத்திருக்கும். அதை நாம் குறையென்று சொல்வதில்லை. வெயிலிலும் மழையிலும் சிதைந்தாலும் அங்கேயே விட்டுவைக்கிறோம். வாபி-சாபியும் இந்த மனம்தான்.

முடாவைத் தவிர்ப்பதும் அதே குயவரிடம் உண்டு. அவர் வேலை செய்வதைப் பாருங்கள். பிசைந்த மண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சுடுவதற்கு முன் உடைந்த பானை மறுபடி தண்ணீரில் ஊறி மண்ணாகும். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ வகுத்த 7 விரயங்களில் காத்திருப்பும் தேவையற்ற அசைவும் உண்டு, கைத்தழும்பு இல்லை. வீணாவது உழைப்பு, தழும்போ உழைப்பின் அடையாளம்.

புதுச்சேரியில் ரே மீக்கருடன் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கிய டெபோரா ஸ்மித், ஜப்பானில் தொழில் கற்றவர். ஜப்பானிய வழி நமக்குத் தூரமே இல்லை.

வரும் பொங்கலுக்குப் பானை வாங்கும்போது கறுப்பு படிந்ததை ஒதுக்காதீர்கள். தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலித்தால் அது நல்ல பானை.