ஈப்போ தண்ணீர் வேறு, தெர்லா தண்ணீர் வேறு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஈப்போ மீன்கடைக்காரர் சொன்னபடி, மகனின் இரண்டடித் தொட்டியில் ஞாயிறன்று பாதித் தண்ணீரை மாற்றினீர்கள். ஆன்டி குளோரினும் போட்டீர்கள். வியாழக்கிழமை கப்பி மீன்களின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன, மறுவாரத்துக்குள் ஆறில் நான்கு போய்விட்டன. "மருந்தைக் குறைவாகப் போட்டுவிட்டேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மலையில் மீன் வளர்க்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு என்பதால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மருந்தில் குறையில்லை. குளோரின் கொல்வதாக இருந்தால் நான்கு நாள் காத்திருக்காது. செவுளை அரித்து, சில மணி நேரத்திலேயே மீனை மேலே வரவைத்து வாய் பிளக்கச் செய்துவிடும். வெள்ளைப் புள்ளி ஓர் ஒட்டுண்ணியின் வேலை. மீன் தெம்பாக இருக்கும்வரை அது பெரிதாகத் தலைகாட்டாது. திடீர்க் குளிர் தாக்கி மீன் தளர்ந்தால் பெருகிவிடும். உங்கள் கப்பிகளைச் சாய்த்தது குளிர்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடைக்காரர் சொன்ன முறை ஈப்போவுக்குச் சரி. அங்கே குழாயைத் திறந்தால் வருவதே 27, 28 டிகிரி. தொட்டியும் ஏறக்குறைய அதே சூடு, அதனால் குளோரினை முறித்தால் போதும், வாளியோடு ஊற்றலாம். சிம்பாங் பூலாய் சாலையில் ஏறிக் கம்போங் ராஜாவைத் தாண்டி உங்கள் ஊரான தெர்லாவுக்கு வந்தால் கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே நிற்கிறோம். விடியற்காலைக் குழாய்நீர் 17, 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 26 டிகிரித் தொட்டியில் பாதியை எடுத்துவிட்டு 17 டிகிரித் தண்ணீரை நிரப்பினால் கலந்தபின் 21.5. அறுபது லிட்டரை மறுபடி 26-க்கு ஏற்ற உங்கள் 100 வாட் ஹீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வீட்டுக் குளிரில் போகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் கூடுதல். அதுவரை மீன் நடுங்கிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே பாதி வேண்டாம், கால் பங்கு போதும். உங்கள் தொட்டிக்கு அது 15 லிட்டர். அதில் 13 லிட்டரை முதல்நாள் இரவே வாளியில் பிடித்து, மருந்து கலந்து, மூடாமல் வையுங்கள். மலைக்குழாயில் அழுத்தத்தோடு வரும் குளிர்ந்த நீரில் காற்று நிறையக் கரைந்திருக்கும். நேரே ஊற்றினால் சூடேறும்போது கண்ணாடி முழுக்கக் குமிழ் பூக்கும். சில சமயம் மீனின் துடுப்புக்குள்ளேயே குமிழ் உண்டாகி நோயாகிவிடும். ஓர் இரவு திறந்திருந்தால் மிஞ்சிய காற்று போய்விடும்.

காலையில் அதில் ஒரு கேத்தல் கொதிநீரைக் கலக்க வேண்டும். உங்கள் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தக் கணக்கில் 13 லிட்டர் குளிர்நீரோடு 1.7 லிட்டர் கொதிநீர் சேர்ந்தால் ஏறத்தாழ 26 டிகிரி வரும். கடையில் விற்கும் மின்கேத்தல்கள் பல சரியாக 1.7 லிட்டர்தான் பிடிக்கும். வாளியில் கலந்து, வெப்பமானி வைத்துப் பார்த்தபிறகுதான் தொட்டிக்குப் போக வேண்டும். கேத்தலைத் தொட்டியில் நேரே சாய்க்கவே கூடாது.

ஊற்றும் வேலை பெரிதல்ல. தண்ணீரை இறக்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டரை அணைத்துவிடுங்கள். சூடான கண்ணாடிக்குழாய் வெளியே தெரிந்தால் வெடிக்கும். சரளைக் கல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினால் அடிக்கசடு கிளம்பாது. வாளியை உயரமாக வைத்து மெல்லிய டியூப்பில் இறங்கவிட்டால் இன்னும் நல்லது.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்த ஒரு வரி என்னைக் கூடுதலாக யோசிக்க வைத்தது. அந்த ஞாயிறுக்கு முன் மூன்று மாதம் தண்ணீரே மாற்றவில்லை, குறைந்ததை மட்டும் நிரப்பினோம் என்கிறீர்கள். கருங்கல் மலையில் ஊறிவரும் நீர் மெதுநீர், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மீன் கழிவும் வடிகட்டியின் பாக்டீரியாவும் உண்டாக்கும் அமிலத்தைத் தாங்க அதில் பிடிமானம் இல்லை. மாதக்கணக்கில் விட்டால் பி.எச். ஆறுக்குக் கீழே இறங்கும், அந்த அமிலத்தில் பாக்டீரியாவே சோர்ந்துவிடும். அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன் சமாளித்துக்கொள்ளும். இந்த நிலையில், சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்த்துச் சரிசெய்த குழாய்நீரை ஒரேயடியாகப் பாதி ஊற்றினால் பி.எச். ஏறும். அது ஒரு எண் ஏறினால் நச்சு அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்காகும். நல்லது செய்யப்போய் நஞ்சை எழுப்பிவிட்டதாக ஆகும். நெடுநாள் விட்டுப்போன தொட்டிக்கு முதல் சில வாரங்கள் ஐந்தாறு லிட்டரே போதும்.

ஆவியாகிக் குறைந்ததை நிரப்புவது மாற்றுவதாகாது. போவது தண்ணீர் மட்டும், கழிவு அங்கேயேதான் இருக்கும்.

மழை நாளில் மாற்றாதீர்கள். தோட்டச்சரிவுகளின் மண் ஓடையில் இறங்கும்போது சுத்திகரிப்பு நிலையத்துக்கும் வேலை கூடும், குளோரினையும் கூட்டிப் போடுவார்கள். தெலோம் ஆற்று நீர் சுரங்கவழியே போய்ச் சேரும் ரிங்லெட் ஏரி, 1963-ல் அணை கட்டி உண்டானது, எவ்வளவு சேறு பிடித்துக் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2019-ல் சுங்கை இச்சாட் ஆற்றோரத்துக் காய்கறித் தோட்டங்களைப் பகாங் அரசு அகற்றியபோதும் குடிநீர் கெடுகிறது என்பதுதான் சொன்ன காரணம். அங்கே பயிர் செய்த நம்மவர்களின் வயிற்றுப்பாட்டை யோசித்தால் எனக்கு அது ஆறாத விஷயம், ஆனாலும் தண்ணீர் கெடுகிறது என்பதை மறுக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டார் குழாயை விட்டுவிட்டு மலைத்தண்ணீரைப் பயன்படுத்தச் சொன்னார்களாமே. குளோரின் இல்லாதது உண்மைதான். ஆனால் மேலே ஒரு கூடாரத்தில் தக்காளிக்கு மருந்தடித்தாலும் அது ஓடையில் இறங்கும். சைபர்மெத்ரின் வகை மருந்துகள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மீனைக் கொல்லும். மனிதருக்கு ஒன்றும் தெரியாது, மீனுக்கு உயிர் போகும். காட்டுக்குள்ளிருந்து நேரே வரும் ஓடை, மேலே தோட்டமே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

அடுத்து மீன் வாங்கும்போது கப்பிக்குப் பதில் ஒயிட் கிளவுட் என்று கேளுங்கள். சீனத்தில் குவாங்சோவுக்கு அருகிலுள்ள வெண்முகில் மலையின் ஓடைமீன் அது. 18 முதல் 22 டிகிரியில் நன்றாக வாழும். உங்கள் ஊரில் பெரும்பாலும் ஹீட்டரே தேவைப்படாது. இத்தனை குளிரில் கப்பியை வைத்துக்கொண்டு மின்கட்டணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மீதி இரண்டு கப்பிகளுக்கு: நாளுக்கு ஓரிரு டிகிரியாக ஹீட்டரை 30 வரை ஏற்றி, காற்றுப் பம்பு ஓட, பத்து நாள் வையுங்கள். அந்தப் பத்து நாளில் ஊற்றும் புதுநீரும் 30 டிகிரியில் இருக்க வேண்டும், அதனால் கேத்தல் கணக்கு மாறும். எடுத்த பழைய தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றலாம், உரம்தான்.

வெப்பமானி வாங்கியதும் காலை ஆறு மணிக் குழாய்நீர் எத்தனை டிகிரி என்று மகனை எனக்கு எழுதச் சொல்லுங்கள். 17 இல்லாவிட்டால் கணக்கைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்