காசநோய் போச்சு, சளி போகலை

கேள்வி: அப்பா மரக்காணம் உப்பளத் தொழிலாளி. காசநோய் குணமாகியும் மஞ்சள் சளி நிற்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால் திரும்புகிறது. உப்புக்காற்றா காரணம்?

பதில்: உப்புக்காற்றைத் திட்டாதீர்கள், சகோதரி. காசநோய் ஆறிய பின் சிலருக்கு மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும். அதில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் பசை சுரந்து, பாத்திப் பாசிபோல் ஒட்டிக்கொள்ளும். இதுதான் பயோஃபிலிம். மாத்திரை போட்டால் மேலே இருப்பவை சாகும், அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும்.

முதலில் சளியைக் கல்ச்சருக்குக் கொடுங்கள்; காசநோய்ப் பரிசோதனையும் மறுபடி செய்யுங்கள். சளியை வெளியேற்றும் மூச்சுப்பயிற்சியைத் தினமும் விடக்கூடாது. நுரையீரல் மருத்துவரிடம் உப்புநீர் நெபுலைசர் பற்றிக் கேளுங்கள். இதேபோல் சளி தேங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களிடம் 7 சதவீத உப்புநீரை ஆஸ்திரேலியர்கள் சோதித்து 2006இல் பலன் சொன்னார்கள். உப்பு வில்லனாக இருக்குமோ என்று கேட்டீர்கள், மருந்தாக வந்து நிற்கிறது! அதற்காக அளத்து உப்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். கிருமி நீக்கிய மருந்துக்கடைச் சரக்குதான் வேண்டும். நெபுலைசரை முதல் தடவை மருத்துவமனையிலேயே வைத்துப் பாருங்கள். சிலருக்கு மூச்சு இறுகும்.