புகை டெஸ்ட்டில் பழைய கார் ஃபெயிலா? பர்ஸைத் திறக்கும் முன் ரிப்போர்ட்டைப் படிங்க!

பத்து வருஷம் ஓடின பெட்ரோல் கார். பி.யூ.சி. சென்டரில் ஃபெயில். மெக்கானிக்கிடம் போனால், "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார். செலவு பல்லாயிரம் ரூபாய். சரின்னு தலையாட்டுவதற்கு முன்னாடி, ஒரு பேலன்ஸ் ஷீட்டைப் பார்ப்பது மாதிரி அந்த ரிப்போர்ட்டைப் பாருங்க.

இரண்டு எண்கள் முக்கியம்

ஐடிலிங்கில் எடுக்கும் அளவுக்கு பி.எஸ்.-4 பெட்ரோல் காருக்கான வரம்பு: கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். பி.எஸ்.-3 காருக்கு 0.5 சதவீதம், 750 பி.பி.எம்.

- கார்பன் மோனாக்சைடு மட்டும் அதிகமா? எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாப் போகுது. ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார், ஒழுகும் இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்க.
- ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகமா? பெட்ரோல் எரியாமலே வெளியே வருது. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸ் இதுக்குக் காரணமா இருக்கலாம்.
- மேலே சொன்னதெல்லாம் சரியா இருந்தும் இரண்டு எண்களும் இறங்கலையா? அப்போதான் கன்வெர்ட்டர் மேல சந்தேகப்படணும்.

செலவு வரிசை

1. செலவே இல்லாதது: 20 நிமிஷம் நல்லா ஓட்டிட்டு, சூடு ஆறுவதற்குள் டெஸ்ட் எடுங்க. கன்வெர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும்.
2. சில நூறு ரூபாய்: ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஓ.பி.டி. ஸ்கேன்.
3. சில ஆயிரம்: நாள்பட்ட எஞ்சின் ஆயிலை மாற்றுவது, ஸ்கேன் காட்டினால் சென்சார் அல்லது காயில்.
4. கடைசியாக: கன்வெர்ட்டர்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் டபுள் நஷ்டம். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகிடும். மூல காரணத்தைச் சரி செய்யாமல் புதுசு மாட்டினால், அதுவும் போயிடும்.

"டெஸ்ட் இல்லாம சர்டிஃபிகேட் வாங்கிடலாமே?"

கணக்குப் போடுவோம். மாசம் 1,000 கி.மீ. ஓட்டுறீங்க, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வெச்சுக்குவோம். 15 கி.மீ. கொடுத்த கார் இப்போ 12 கொடுத்தால், மாசத்துக்குக் கிட்டத்தட்ட 1,667 ரூபாய் கூடுதல் செலவு. வருஷத்துக்கு 20,000! பேப்பரில் பாஸ் வாங்கினாலும் இந்தப் பணம் சைலன்சர் வழியா போயிட்டேதான் இருக்கும். மாசு வரம்பைத் தாண்டிய வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூணு மாசம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

கடைசியா ஒண்ணு. ஸ்கேன் ரிப்போர்ட், பில், கழட்டின பழைய பார்ட் மூணையும் கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு ரிப்பேருக்கு அப்புறமும் திரும்ப டெஸ்ட் எடுத்துப் பாருங்க. எண் இறங்கிடுச்சுன்னா அங்கேயே செலவை நிறுத்திடலாம்.

உங்க ரிப்போர்ட்டில் என்ன எண் வந்தது? கமெண்ட்டில் சொல்லுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!