மலைமேல் டர்போ அழுத்தம்: ஒண்டிக்கடை கற்பிக்கும் சோதனை முறை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏறும் டீசல் வண்டி நடுவழியில் இழுவை இழந்து, கரும்புகை கக்கி, எஞ்சின் எச்சரிக்கை விளக்கையும் எரியவிட்டால், டர்போ போய்விட்டது என்று உடனே முடிவு கட்டுவது பரவலான வழக்கமாக உள்ளது. ஆனால் மலைவண்டிகளைத் தொடர்ந்து கவனித்துப் பழகியவர்களின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது: அழுத்தக் குறைவு என்பது ஒரு விளைவு மட்டுமே, அதன் காரணம் பெரும்பாலும் டர்போவுக்கு வெளியே, ஒரு ரப்பர் குழாயிலோ, வெற்றிடக் குழாயிலோ, கரி படிந்த சென்சாரிலோ இருக்கிறது. விலை மிகுந்த பாகத்தைக் கழற்றுவதற்கு முன் மலைக்காற்றின் அழுத்தத்தை அறிந்துகொள்வதே இச்சோதனையின் முதற்படியாகும்.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலம் நகரில் அது 98-ஐ ஒட்டியும், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பில் 84-ஐ ஒட்டியும் இருக்கும். எஞ்சினுக்குள் காற்று நுழையும் பகுதியில் பொருத்தப்பட்டுள்ள மேப் சென்சார், வெற்றிடத்தைச் சுழியமாகக் கொண்டு அளக்கப்படும் முழு அழுத்தத்தைக் காட்டுகிறது. அதிலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் மட்டுமே, டர்போ கூடுதலாக உண்டாக்கிய அழுத்தம், அதாவது பூஸ்ட், கிடைக்கும். ஆகவே ஸ்கேனர் கருவியில் 180 என்ற ஒரே எண் தெரிந்தாலும், சேலத்தில் அது 82 அளவு பூஸ்டையும் ஒண்டிக்கடையில் 96 அளவு பூஸ்டையும் குறிக்கிறது. சில கருவிகள் ஒண்டிக்கடையின் 84 கிலோபாஸ்கலை 840 மில்லிபார் என்றும், சில 0.84 பார் என்றும் காட்டுவதால், எண்ணைப் படிப்பதற்கு முன் அலகைப் படிப்பது இன்றியமையாதது.

இந்த உயர வேறுபாடே செலவில்லாத ஒரு சோதனைக் கருவியாகிறது. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிய நிலையில் மேப் சென்சாரின் அளவைச் சேலத்தில் ஒருமுறையும், மலையேறிய பின் ஒண்டிக்கடையில் ஒருமுறையும் குறித்துக்கொண்டால், இரண்டுக்கும் இடையே சுமார் 13 அல்லது 14 கிலோபாஸ்கல் இறக்கம் தெரிய வேண்டும். மேலே வந்த பின்னும் 98 என்றே காட்டும் சென்சாரும், கீழேயே 84 காட்டும் சென்சாரும் நம்பத் தகுந்தவை அல்ல. மாறாக, மேலே 84 காட்டும் சென்சாரைச் சமவெளியின் கணக்கை மனத்தில் வைத்துப் பழுதென்று மாற்றுவது வீண்செலவு.

மலைமேல் மட்டும் பழுது தலைகாட்டுவதற்கும் தெளிவான காரணம் உண்டு. 200 கிலோபாஸ்கல் முழு அழுத்தத்தை எட்ட வேண்டுமெனில், சேலத்தில் காற்றை ஏறத்தாழ 2.04 மடங்காக அழுத்தினால் போதும், ஒண்டிக்கடையிலோ 2.38 மடங்காக அழுத்த வேண்டியிருப்பதால் டர்போவின் சக்கரம் கூடுதல் வேகத்தில் சுழல வேண்டியுள்ளது. சமவெளியில் டர்போவின் மிச்சத்திறன் மறைத்து வைத்திருந்த சிறு கசிவு, அந்த மிச்சம் கரைந்தவுடன் வெளிப்படுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-இல் காப்புரிமை பெற்ற டர்போவை, 1918-இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு விமான எஞ்சினுடன் கொண்டுசென்று சான்ஃபோர்ட் மாஸ் சோதித்ததும், மெல்லிய காற்றில்தான் டர்போவின் உண்மைத் திறன் தெரியும் என்பதனாலேயே ஆகும்.

ஸ்கேனரில் தெரியும் பி0299 என்ற பழுதுக்குறி, கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. டர்போவை மாற்றச் சொல்வதில்லை. நின்ற வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்ப்பதால் முழு பூஸ்ட் உருவாகாது. சுமையோடு ஏற்றத்தில் ஓடும்போது, ஓட்டுநரல்லாத மற்றொருவர், கணினி கேட்கும் அழுத்தம், கிடைத்த அழுத்தம், உள்ளே செல்லும் காற்றின் அளவு, டீசல் ரெயில் அழுத்தம் ஆகியவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். வளைவு முடிந்து ஆக்ஸிலேட்டரை மிதித்த கணத்தில் அழுத்தம் சற்றுத் தாமதித்து ஏறுவது இயல்பு. எஞ்சின் சுழற்சி உயர்ந்த பின்னும் இடைவெளி நீடித்தால் மட்டுமே அது பழுது. காற்றின் அளவு மிகுந்தும் அழுத்தம் குறைந்தும் இருப்பின், டர்போவுக்கு அப்பால் இன்டர்கூலர் ஹோஸிலோ கிளாம்பிலோ காற்று வெளியேறுகிறது என்று ஊகிக்கலாம். இணைப்புகளில் படிந்த எண்ணெய்க் கறையும், குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றிச் சோப்பு நீர் தடவும்போது எழும் நுரையும் அதை உறுதிப்படுத்தும். காற்றின் அளவும் அழுத்தமும் சேர்ந்து குறைந்திருப்பின், எஸ்டேட் மண்சாலைகளின் தூசி அடைத்த ஏர் ஃபில்டர், டர்போவுக்கு முன்னரே கசியும் புகைப்பாதை, திறந்தே நிற்கும் இஜிஆர் வால்வு, பிஎஸ்-6 வண்டிகளில் அடைபட்ட புகை வடிகட்டி ஆகியவற்றை வரிசையாகப் பார்ப்பதே முறை.

அடுத்து, டர்போவை இயக்கும் கட்டுப்பாட்டைச் சோதிக்க வேண்டும். வெற்றிடத்தால் இயங்கும் ஆக்சுவேட்டர் உள்ள வண்டிகளில், விரிசல் விட்ட மெல்லிய குழாய் ஒன்றே முழு இழுவையையும் பறிக்கப் போதுமானது. இங்கும் மலையின் கணக்கு குறுக்கிடுகிறது: வெளிக்காற்றே மெலிந்திருப்பதால், நல்ல நிலையிலுள்ள வெற்றிடப் பம்பும் ஒண்டிக்கடையில் சேலத்தைவிடச் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைவாகவே காட்டும், அதைப் பம்பின் தேய்மானமாகக் கொள்ளலாகாது.

சென்சாரின் முனையில் எண்ணெயும் கரியும் கலந்து படிந்தால் அளவு மெதுவாக மாறும். கம்பியால் குத்தாமல், சென்சாருக்கு ஏற்ற சுத்திகரிப்புத் திரவத்தால் கழுவுவதே பாதுகாப்பானது. பி0237, பி0238 ஆகிய குறிகள் மின்சமிக்ஞை மிகத் தாழ்ந்தோ மிக உயர்ந்தோ இருப்பதைக் காட்டுபவை. பனிமூட்டமும் மழையும் மிகுந்த ஏற்காட்டில் சாக்கெட்டில் பச்சை பிடிப்பது எளிது என்பதால், 5 வோல்ட் மின்வழங்கலும் எர்த் இணைப்பும் சரியாக வருகின்றனவா என்று முதலில் அளக்க வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்த பின்னரே டர்போவின் சக்கர ஆட்டத்தையும், இறக்கைகளின் தேய்மானத்தையும், எண்ணெய் வரும் பாதையையும் பார்க்க வேண்டும். கசியும் ஹோஸை விட்டுவிட்டுப் புதிய டர்போ பொருத்தினால், அதுவும் அளவுக்கு மீறிச் சுழன்று விரைவில் கெடும். ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் வண்டி வைத்திருப்போர், வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே சேலத்திலும் ஒண்டிக்கடையிலும் மேப் அளவையும், ஏற்றத்தில் கிடைக்கும் உச்ச அழுத்தத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பழுது வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நம்பகமான அளவு வேறில்லை.