ஒரே தொட்டி, ஒத்துப்போகும் மீன்கள்



போன தீபாவளி லீவில் போர்ட் கிள்ளான் வீட்டுக்கு வந்தபோது தங்கச்சிக்கு இரண்டடி மீன் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கடையில் அழகாகத் தெரிந்ததையெல்லாம் கை காட்டினேன். இரண்டு தங்கமீன், நான்கு டைகர் பார்ப், ஒரு ஏஞ்சல், ஆறு நியோன் டெட்ரா, கண்ணாடியைச் சுத்தம் பண்ண ஒரு பண்டாராயா. அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் ஒன்றாக விட்டோம். மூன்று வாரத்தில் மிஞ்சியது பண்டாராயா மட்டும்தான்.

"அண்ணே, நான் ஒழுங்காதானே சாப்பாடு போட்டேன்?" என்று தங்கச்சி அழுதாள். அவள் மேல் தப்பே இல்லை. ஒரு பம்ப் வாங்க நான்கு நாள் விவரம் பார்க்கிற இஞ்சினியரிங் மாணவன், உயிருள்ளதைக் கலர் பார்த்து வாங்கிவிட்டேன். அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதை நான்கு கேள்விகளாக இங்கே தருகிறேன்.

1. எவ்வளவு பெரிதாக வளரும்?

பாகவதத்தில் வரும் மச்ச அவதாரக் கதை நமக்குத் தெரியும். கிருதமாலை நதியில் சத்தியவிரத மன்னரின் கையில் வந்த குட்டி மீனுக்கு ஒரே இரவில் கமண்டலம் போதவில்லை. பிறகு பெரிய பாத்திரம், ஏரி, கடைசியில் கடல். அங்கே வந்தது பகவான். ஆனால் சாதாரண மீனுக்கும் இடம் போதாமல் போகும். கடையில் விரல் நீளம் இருக்கும் பண்டாராயா 40 செ.மீ. தாண்டும். தங்கமீன் 15 முதல் 20 செ.மீ. வரை வளரும்.

தொட்டியின் கணக்கைப் பாருங்கள்: 60 × 30 × 30 செ.மீ. என்றால் 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக சுமார் 45 லிட்டர்தான் தண்ணீர். இதற்குப் பெரும்பாலும் 5 செ.மீ.க்குள் நிற்கும் மீன்களே சரி.

2. ஒரே தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா?

தங்கமீன் குளிர்ந்த நீரில் வாழ்வது. நம் வீட்டுத் தொட்டி 28 டிகிரியில் நிற்கும். கப்பிக்கும் மொல்லிக்கும் பிஎச் 7க்கு மேல் உள்ள கடின நீர் பிடிக்கும். நியோன் டெட்ராவுக்கு லேசான அமிலத்தன்மை உள்ள மென்னீர். சண்டை போடாவிட்டாலும் இவற்றில் ஒன்று சிரமப்படும்.

3. குணம் என்ன?

டைகர் பார்ப் கூட்டமாக இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொள்ளும். நான் வாங்கினதோ நாலே நாலு. அவை ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்தன. ஏஞ்சலும் சாதுவில்லை, வளர்ந்தபின் வாயில் நுழைகிற நியோனை விழுங்கிவிடும். இகான் லாகா ஆண்கள் இரண்டைச் சேர்த்தால் சண்டை நிச்சயம். இதில் கெட்ட மீன் என்று எதுவும் இல்லை. அது அதன் இயல்பு, சேர்த்து வைத்தது நாம்.

4. கூட்டமா, தனியா? மேலேயா, கீழேயா?

டெட்ரா, ராஸ்போரா போன்றவை குறைந்தது ஆறு இருந்தால்தான் பயமில்லாமல் நீந்தும். பத்து வகையில் ஒவ்வொன்று வாங்குவதைவிட இரண்டு வகையில் கூட்டமாக வாங்குவது நல்லது. ஒன்று நடுமட்டத்தில் நீந்துவது, ஒன்று அடியில் மேய்வது என்று எடுத்தால் இடத்துக்குப் போட்டி குறையும்.

இப்போது எங்கள் தொட்டியில் எட்டு ஹார்லிகுயின் ராஸ்போரா, அடியில் ஆறு குஹ்லி லோச், மேல்மட்டத்தில் ஒரு தேன் கௌராமி. ராஸ்போரா நம்ம நாட்டு மீன்தான். 1904-ல் டுங்கர் என்ற ஜெர்மானியர் அறிவியல் பெயர் வைத்தார். தேயிலைச் சாயம் போன்ற நீர் உள்ள சதுப்புக் காட்டு ஓடைகளில் வாழ்வது. உலகமே ஆசையாக வாங்குகிற மீன், நமக்குக் கடைக் கண்ணாடியில்தான் தெரிகிறது!

இன்னொரு பாடம் பொறுமை. மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும், அது விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பில்டரில் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் நாளே பதினான்கு மீன் விட்டதுதான் என் பெரிய தப்பு. குழாய்த் தண்ணீரின் குளோரினையும் நீக்க வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றினால் போதும்.

கடைசியாக, அந்தப் பண்டாராயா. "ஆத்துல விட்டுடு, புண்ணியமா போகும்" என்றார் மாமா. அது தென் அமெரிக்க மீன். இப்படி விட்டவைதான் கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் பெருகி, கரையைக் குடைந்து, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. ஓர் உயிரை விட்டுப் பல உயிரை வாட்டுவது எப்படிப் புண்ணியமாகும்? அதனால் பின்வாசலில் பெரிய தொட்டி வைத்துப் பில்டர் போட்டிருக்கிறேன். பத்து வருஷத்துக்கு மேலும் வாழுமாம். வாங்கினவன் நான், பார்த்துக்கொள்ள வேண்டியவனும் நான்தான்.

செய்து பார்க்க: அடுத்த ஞாயிறு வகுப்பில் குழுவுக்கு மூன்று மீன் எடுங்கள். நான்கு கேள்விக்கும் பதில் எழுதி, எவை சேரும், எவை சேராது என்று பேசுங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.