மேடையில் இங்கிலீஷ்: டெல்டா பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

வீட்டில் தமிழ், வகுப்பில் முக்கால்வாசி தமிழ், செமினார் அன்றைக்கு மட்டும் முழு இங்கிலீஷ். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் நிலைமை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நிறைய செமினார் கேட்டதில் தோன்றியவை இவை.

1. தலைப்பு உங்கள் விருப்பம் என்றால் நெட்டிலிருந்து இறக்கிய குளோபல் வார்மிங் வேண்டாம். உங்கள் வயலில் நாற்று விட்டது, நடவு இயந்திரம் வந்தது, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்தது, இதில் ஒன்றை எடுங்கள். வார்த்தை தடுமாறினாலும் விஷயம் தடுமாறாது.

2. குறுவை, சம்பா, தாளடி ஆகியவற்றை மொழிபெயர்க்காதீர்கள். அப்படியே சொல்லி, எத்தனை நாள் பயிர், எந்த மாதம் நடவு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் ‘ரைஸ்’ என்றே சொன்னால் கேட்பவர் குழம்புவார். வயலில் இருப்பது ‘பேடி’.

3. பலருக்கு நாக்கு மாட்டுவது எண்ணில்தான். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இதை ‘பாயின்ட் ஃபோர் செவன்’ என்று சொல்ல வேண்டும். ‘பாயின்ட் ஃபார்ட்டி செவன்’ என்று நானே ஒரு கூட்டத்தில் சொல்லி அசடு வழிந்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர் இருந்தால் ஒரு லட்சம் ‘ஹண்ட்ரட் தவுசண்ட்’ ஆகட்டும். எண்களை மட்டும் முதல் நாளே பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

4. நாலாய் மடித்த தாள் கை நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். படபடவென்று சத்தம் வேறு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அட்டைக்கு மூன்று சொல் வீதம் எழுதுங்கள். முழு வாக்கியம் எழுதினால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

5. ‘எல்லாரும்’ என்பதை நாம் ‘யெல்லாரும்’ என்றுதான் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘எவ்ரி’ ‘யெவ்ரி’யாகிறது, ‘ஒன்லி’ ‘வொன்லி’யாகிறது. தமிழில் அசைகள் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் போகும். இங்கிலீஷில் ஒன்று தூக்கலாக நிற்கும். ‘ஃபோட்டோகிராஃப்’பில் முதல் அசை, ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாவது. ‘டெவலப்மென்ட்’டிலும் இரண்டாவதுதான். அகராதியில் எந்த அசைக்கு முன்னால் சின்னக் கோடு மேலே நிற்கிறதோ அங்கே அழுத்துங்கள். இது ஒன்று சரியானாலே பாதிப் பேச்சு புரிந்துவிடும். வெள்ளைக்காரர் மாதிரி குழறத் தேவையில்லை.

6. கண்ணாடி முன் பேசிப் பழகு என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கவனமெல்லாம் தலைமுடிக்குப் போய்விடும். நண்பனை வாய்க்காலின் அக்கரையில் நிறுத்தி, கத்தாமல், அவனுக்குக் கேட்கும்படி பேசுங்கள். அப்புறம் செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும்.

7. ‘மைசெல்ஃப் கார்த்திக்’ வேண்டாம், ‘ஐ ஆம் கார்த்திக்’ போதும். ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபவுட்’ வராது.

8. தப்பு வருமே என்ற பயமா? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் சேர்ந்த கணித மேதை ராமானுஜன், இங்கிலீஷ் கட்டுரைப் பாடத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர். அதே கல்லூரியில் அவருக்கு முன்னால் படித்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. எளிய புரோகிதர் வீட்டுப் பிள்ளை. பள்ளி ஆசிரியராக இருந்து, 1921-இல் லண்டனிலும் ஜெனீவாவிலும் இந்தியாவின் பிரதிநிதியாகப் பேசி, ‘வெள்ளி நாக்கு’ என்று பெயரெடுத்தார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். வலங்கைமானுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே எத்தனை மைல் என்று டவுன்பஸ்ஸில் போகிற உங்களுக்கே தெரியும்.

9. கேள்வி புரியாவிட்டால் திருதிருவென்று விழிக்காமல் ‘குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?’ என்று கேளுங்கள். அந்த இடைவெளியில் மூச்சு திரும்பும். பதில் தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லிவிடலாம். மார்க் குறைக்க மாட்டார்கள். மழுப்பினால்தான் குறைப்பார்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகைகள் பரணில் கிடக்கும். இன்றைக்கு ராத்திரியே இறக்கி, முதல் அட்டையை எழுதிவிடுங்கள்.