மாற்றுத்திறனாளிக்கு வேலை: வாங்குவது பாதி, தக்கவைப்பது மீதி. ஒரு சம்பளக் கணக்கு



போன வீடியோவில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: "உங்ககிட்ட இருக்கிற மிகப் பெரிய சொத்து எது?" தங்கம், ஊர்ல இருக்கிற மனை, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் அப்புறம். 25 வயசுல 30,000 ரூபாய் சம்பளம் வாங்குறவர், ஒரு ரூபாய்கூட இன்க்ரிமென்ட் இல்லாம 58 வயசு வரைக்கும் வேலை பார்த்தாலே 1 கோடியே 18 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். உங்க மாசச் சம்பளம்தான் உங்க மிகப் பெரிய சொத்து.

அந்தச் சொத்து ஒருத்தர் கையிலிருந்து நழுவினதை நான் பக்கத்து சீட்டிலிருந்தே பார்த்திருக்கேன். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில், அக்கவுன்ட்ஸ் டீமில் ஒரு நண்பர். காது சரியாக் கேட்காது. எக்ஸெல்லில் அவரை யாரும் அடிச்சுக்க முடியாது. ஆனா தினமும் காலை 10 மணிக்கு போனில் டீம் மீட்டிங். அதில் சொன்ன மாற்றம் ரெண்டு தடவை அவருக்குப் போய்ச் சேரல. "கம்யூனிகேஷன் பத்தல"ன்னு ரிவ்யூவில் எழுதினாங்க. ஏழாவது மாசம் அவரே ராஜினாமா கொடுத்துட்டார். பைக் கடனில் பாதி பாக்கி.

அந்த மீட்டிங் முடிஞ்சதும் யாராவது நாலு வரி வாட்ஸ்அப்பில் போட்டிருந்தா அவர் வேலை நின்னிருக்கும். போடக்கூடிய இடத்தில் நானும் இருந்தேன். போடல.

அதனாலதான் இந்தப் பாடம். நீங்க மாற்றுத்திறனாளியா இருக்கலாம், உங்க தம்பி தங்கச்சியா இருக்கலாம், பக்கத்து சீட் நண்பரா இருக்கலாம். மூணு பேருக்கும் இதில் வேலை இருக்கு.

1. சம்பளத்தைப் பார்க்காதீங்க, மிச்சத்தைப் பாருங்க

ஊன்றுகோல் வச்சு நடக்கிற ஒருத்தருக்கு ரெண்டு ஆஃபர் வருதுன்னு வச்சுக்குவோம்.

முதல் ஆஃபர்: கைக்கு 26,000. வாரம் 5 நாள், மாசம் 22 நாள் ஆபீஸ் போகணும்.
ரெண்டாவது ஆஃபர்: கைக்கு 22,500. மாசம் 9 நாள் மட்டும் ஆபீஸ், மீதி வீட்டிலிருந்தே வேலை.

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட் கிடையாது. நல்ல விஷயம்தான். ஆனா காலை 8:30 கூட்டத்தில் அந்தப் படியில் ஏற முடியணுமே! தாழ்தள பஸ் எல்லா ரூட்டிலும் வர்றதில்லை. அதனால ஆட்டோ. போக வர 400 ரூபாய்னு வைங்க.

முதல் வேலை: 22 × 400 = 8,800 செலவு. மிச்சம் 17,200.
ரெண்டாவது வேலை: 9 × 400 = 3,600 செலவு. மிச்சம் 18,900.

சம்பளம் 3,500 குறைவு, ஆனா கையில் நிக்கிறது 1,700 அதிகம். உடம்பு அலுப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். முதல் கம்பெனியே "சரி, நீங்களும் 9 நாள் வந்தா போதும்"னு சொன்னா? 26,000 − 3,600 = 22,400. மாசம் 5,200 ரூபாய் இன்க்ரிமென்ட் மாதிரி! கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை. பணியிடத்தில் நாம கேக்கிற வசதி சலுகை இல்லைங்க, அது சம்பளத்தோட ஒரு பகுதி. இந்த ஒரு வரி மனசில் நின்னா போதும், மீதியெல்லாம் தானா புரியும்.

2. வசதின்னா லிஃப்ட் மட்டும் இல்லை

சாய்தளம், லிஃப்ட், ஏத்த கழிப்பறை எல்லாம் வேணும்தான். ஆனா பல பேருக்குத் தேவைப்படுறது அதைவிடச் சின்ன விஷயம்:

• பார்வைக் குறைபாடு: என்விடிஏ மாதிரி ஸ்கிரீன் ரீடர். இது இலவச மென்பொருள். கூடவே, ஆவணங்களை ஸ்கேன் பண்ணின படமா அனுப்பாம எழுத்தா அனுப்பணும். படத்தில் இருக்கிறதை ஸ்கிரீன் ரீடர் அப்படியே வாசிச்சிடாது.
• கேட்கும் குறைபாடு: வீடியோ மீட்டிங்கில் கேப்ஷன் பட்டனை ஆன் பண்றது, முடிஞ்சதும் எழுத்தில் சுருக்கம்.
• ஆட்டிசம், கற்றல் குறைபாடு: வேலையை வாயால சொல்லாம வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்கிறது, சத்தம் குறைஞ்ச இடத்தில் சீட்.
• நடப்பதில் சிரமம்: நுழைவாயில் பக்கத்தில் சீட், பயோமெட்ரிக் நேரத்தில் அரை மணி தளர்வு.

3. சட்டம் என்ன சொல்லுது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 21 வகைக் குறைபாடுகள் இதில் வருது. இளம் ஊழியர் தெரிஞ்சுக்க வேண்டியது இவ்வளவுதான்:

அரசு வேலை: 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடு இருக்கிறவங்களுக்குக் குறைஞ்சது 4 சதவீத இட ஒதுக்கீடு.

தனியார் வேலை: கட்டாய ஒதுக்கீடு இல்லை. ஆனா ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடணும். 20 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற கம்பெனின்னா, எந்தெந்தப் பணிகள் பொருத்தமானவை, எப்படித் தேர்வு, என்ன உபகரணம், என்ன சிறப்பு விடுப்பு, இதைக் கவனிக்கிற தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கணும். இன்டர்வியூ போறதுக்கு முன்னாடி கம்பெனி வெப்சைட்டில் இதைத் தேடுங்க. இருந்தா நல்ல அறிகுறி. இல்லைன்னா ஹெச்ஆர்கிட்ட கேக்க உங்களுக்கு ஒரு நியாயமான கேள்வி கிடைச்சாச்சு.

பாகுபாடு நடந்தா மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

4. வேலையைத் தேடுவது, கேட்பது

முதல் வேலை, மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் யுடிஐடி அட்டையும். இது இல்லாம ஒதுக்கீடும் இல்லை, வரிச் சலுகையும் இல்லை. உங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வாங்க. சென்னை முட்டுக்காட்டில் இருக்கிற மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனம் பயிற்சிகள் நடத்துது. "வேலை உறுதி, டெபாசிட் மட்டும் கட்டுங்க"ன்னு யார் சொன்னாலும் கட்டாதீங்க.

எப்போ சொல்றது? ஒதுக்கீட்டு வேலைன்னா விண்ணப்பத்திலேயே சொல்லணும். தனியாரில், இன்டர்வியூவுக்கே வசதி தேவைன்னா முன்கூட்டியே சொல்லுங்க. மத்தபடி ஆஃபர் கையில் வந்ததும், சேர்றதுக்கு முன்னாடி சொல்றது நல்லதுன்னு நான் நினைக்கிறேன். பிரச்சினையை மட்டும் சொல்லாதீங்க, தீர்வையும் சேர்த்துச் சொல்லுங்க. கண்டிப்பா மெயிலில். மாதிரிக்கு:

"வணக்கம். எனக்குக் கேட்கும் குறைபாடு உள்ளது. மீட்டிங்குகளில் கேப்ஷன் வசதியும், முடிவுகளின் எழுத்துச் சுருக்கமும் கிடைத்தால் என் வேலையை முழுமையாகச் செய்ய முடியும். சேரும் நாளிலிருந்தே இதை ஏற்பாடு செய்து தர வேண்டுகிறேன்."

மூணே வரி. ஆறு மாசம் கழிச்சு ரிவ்யூவில் பேச்சு வந்தா, இந்த மெயில்தான் உங்க பக்கம் பேசும். என் நண்பர்கிட்ட இந்த மெயில் இல்லை.

5. விட்டுப்போகிற பணம்

• இஎஸ்ஐ: பொதுவா மாதச் சம்பள வரம்பு 21,000. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு 25,000. மொத்தச் சம்பளம் 24,000 வாங்குற மாற்றுத்திறனாளிக்கு இஎஸ்ஐ உண்டு, அதே சம்பளம் வாங்குற பக்கத்து சீட்காரருக்குக் கிடையாது. ஹெச்ஆர் சாஃப்ட்வேரில் இது விட்டுப்போக வாய்ப்பு உண்டு. கேளுங்க.
• வருமான வரி: 1961 சட்டத்தில் 80யூன்னு சொல்ற கழிவு. 40 சதவீதக் குறைபாட்டுக்கு 75,000, 80 சதவீதமும் அதுக்கு மேலயும்னா 1,25,000. உங்களைச் சார்ந்திருக்கிற மாற்றுத்திறனாளிக் குடும்பத்தினருக்காக நீங்க எடுக்கிறது 80டிடி, அதே தொகைதான். ஆனா ரெண்டும் பழைய வரி முறையில் மட்டும். புதிய முறையில், 2025-26 நிதியாண்டு முதல், சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. அதனால 80யூ இருக்குன்னு கண்ணை மூடிட்டு பழைய முறைக்குப் போயிடாதீங்க, ரெண்டையும் போட்டுப் பாருங்க. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறும். ஆடிட்டர்கிட்ட பெயரைச் சொல்லிக் கேளுங்க.

6. நாளைக்கு நமக்கே நடந்தா?

பைக்கில் ஆபீஸ் போற எல்லாருக்கும் இந்தப் பகுதி. ஒரு விபத்து, ஒரு நோய் போதும். அப்போ பலர் செய்ற பெரிய தப்பு, "இனிமே என்னால முடியாது"ன்னு அவசரமா ராஜினாமா எழுதிக் கொடுக்கிறது. கொடுக்காதீங்க.

அரசுப் பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தா வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. அதே சம்பள விகிதத்தில் வேற பணி கொடுக்கணும். பணி இல்லைன்னா, கிடைக்கிற வரைக்கும் கூடுதல் பணியிடம் உருவாக்கி வச்சுக்கணும். 2003-லேயே, பழைய 1995 சட்டத்தின் கீழ், பணியில் பட்ட காயத்தால் காலை இழந்த ஒரு கான்ஸ்டபிளைத் தகுதியில்லைன்னு ஓய்வில் அனுப்பினது செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

தனியாரில் இவ்வளவு தெளிவான பாதுகாப்பு இல்லை. அதனால வரிசை இதுதான்: முதலில் விடுப்பு, அப்புறம் இஎஸ்ஐ (வேலையில் பட்ட காயம்னா தற்காலிக ஊனக் காலத்துக்கு தினக்கூலி சராசரியில் 90 சதவீதம்), அப்புறம் சான்றிதழ், அப்புறம் மாற்றுப் பணி கேட்டு மெயில். ராஜினாமா இந்த லிஸ்ட்லயே இல்லை.

இன்னொண்ணு. சாதாரண டேர்ம் பாலிசி இறந்தால்தான் பணம் தரும். உயிரோட இருந்து சம்பாதிக்க முடியாமப் போனா அது உதவாது. ஊனத்துக்கான ரைடரோ, தனிநபர் விபத்துக் காப்பீடோ தனியா வேணும். ஆரம்பத்துக்கு, பேங்க் கணக்கு மூலமா வருஷம் 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா: விபத்தில் முழு நிரந்தர ஊனத்துக்கு 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். இது போதாது, ஆனா இன்னைக்கே எடுக்கலாம்.

இந்த வார வீட்டுப்பாடம்

1. உங்க கம்பெனியின் சம வாய்ப்புக் கொள்கையைத் தேடி ஒரு தடவை படிங்க.
2. உங்க கம்பெனியில் எம்ப்ளாயி ரெஃபரல் இருந்தா, தகுதியான ஒரு மாற்றுத்திறனாளி நண்பரோட பயோடேட்டாவை அனுப்புங்க. போனஸ் வந்தா அது உங்களுக்குத்தான்.
3. பக்கத்து சீட்டில் ஒருத்தர் சிரமப்படுறார்னு தோணுச்சா? நீங்களா முடிவு பண்ணாதீங்க. "உங்களுக்கு எப்படி இருந்தா வசதி?"ன்னு கேளுங்க.
4. நாளைக்கு மீட்டிங் முடிஞ்சதும் நாலு வரி எழுதி குரூப்பில் போடுங்க.

நாலாவதைச் செய்ய ரெண்டு நிமிஷம் ஆகும். யாரோ ஒருத்தரோட ஒரு கோடி ரூபாய் சொத்து அதில் நிக்கலாம்.

அடுத்த வீடியோவில் தனிநபர் விபத்துக் காப்பீட்டை எப்படி ஒப்பிட்டு வாங்குறதுன்னு பார்ப்போம்.